சி-யில் எழுதினால் எல்லாச் சிப்பிலும் ஓடுமே, பைட்கோடு எதற்கு?

11 ஜனவரி 2025, சனி (கேள்வி)

அண்ணே, சமூக மன்ற வகுப்புக்காகத் தமிழ்ச் சொற்களில் ஒரு சின்ன நிரல்மொழி செய்வதாகச் சொன்னீர்கள். நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரிட்டரை சி மொழியில் எழுதிவிட்டால் அது எல்லாச் சிப்பிலும் ஓடும்தானே? பைட்கோடு, விர்ச்சுவல் மெஷின் என்று எதற்கு இழுக்க வேண்டும்? என் மகள் லேப்டாப்பில் எழுதுவதை அப்படியே பிகோ என்ற குட்டிச் சிப் போர்டில் ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டுத் தேவை அவ்வளவுதான்.

11 ஜனவரி, இரவு 10.40

பாதி சரி. பகிர வேண்டியவை இரண்டு: ஒன்று இன்டர்பிரிட்டர், இன்னொன்று உங்கள் மகள் எழுதிய நிரல். இன்டர்பிரிட்டரை ஒவ்வொரு சிப்புக்கும் ஒருமுறை நான் கம்பைல் செய்து (அந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்றி) கொடுத்துவிடுவேன். ஆனால் மகளின் நிரலையும் ஒவ்வொரு சிப்புக்கும் தனியாகக் கம்பைல் செய்யச் சொன்னால், ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்து விதமான கருவிகளை லேப்டாப்பில் நிறுவ வேண்டிவரும். வகுப்புக்கு வரும் லேப்டாப்புகளில் பாதியில் எதையும் நிறுவ அனுமதியே இல்லை.

வகுப்பில் இருக்கும் பெட்டிகளைச் சொல்கிறேன். பழைய இன்டெல் விண்டோஸ் லேப்டாப்புகள், ஒரு மேக், ஒரு ராஸ்பெரி பை 4 (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி, இனி ‘பை’), பிறகு குட்டிச் சிப் போர்டுகள்: நான்கு பிகோ, இரண்டு மைக்ரோபிட் வி2, மின்னணுச் சாமான் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு அப்பா வாங்கிவந்த ஈஎஸ்பி32-சி3. இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று மூன்று குடும்பங்கள். ஆர்முக்குள்ளேயே பெரியது, சிறியது, மிகச் சிறியது.

பைட்கோடு என்பது இல்லாத ஒரு சிப்புக்கான கட்டளைத் தொகுப்பு. “3 + 4” என்பது “3-ஐ அடுக்கு, 4-ஐ அடுக்கு, மேலே இருக்கும் இரண்டையும் கூட்டு” என்று மாறும். அந்தக் கற்பனைச் சிப்பாக நடிக்கும் புரோகிராம்தான் விர்ச்சுவல் மெஷின். பழைய யோசனைதான் இது. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் மொழியை வடிவமைத்தபோதே அதன் கம்பைலர் ஓ-கோடு என்ற இடைமொழியைத்தான் வெளியிட்டது. 1970-களில் சூரிக்கில் நிக்லாஸ் விர்த்தின் குழு பாஸ்கலுக்கு பி-கோடு கொண்டுவந்தது. சான் டியேகோவில் அதை எடுத்து அன்றைய குட்டிக் கணினிகள் பலவற்றில் ஓட்டினார்கள். புதுக் கணினி வந்தால் பி-கோடு ஓட்டும் பகுதியை மட்டும் எழுதினால் போதும், மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

என் திட்டம்: வரியைப் படித்துப் பிரிப்பது, பைட்கோடு ஆக்குவது, ஓட்டுவது எல்லாமே போர்டுக்குள்.

12 ஜனவரி, ஞாயிறு

நேற்று நான் பாதி சரி என்று சொன்ன அந்த மற்றப் பாதி எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு இரவுத் தூக்கம் போன கதையைச் சொன்னால் புரியும்.

ராஸ்பெரி பையில் உட்கார்ந்து இன்டர்பிரிட்டரின் முதல் துண்டை எழுதினேன். தமிழ்ச் சொற்களை அழகாகப் படித்தது. அதே கோப்பை இன்டெல் லேப்டாப்பில் கம்பைல் செய்தேன், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஓட்டினால் முதல் எழுத்திலேயே “புரியாத குறி” என்று நின்றுவிட்டது. ஆங்கிலப் பெயர் வைத்தால் ஓடுகிறது, தமிழ் வைத்தால் இல்லை. ஒரே சி கோப்பு!

எழுத்துகளைப் பைட்களாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். “அ” என்பது 224, 174, 133. தமிழ் எல்லாமே 224-இல்தான் தொடங்கும். அதனால் “முதல் பைட் 224-ஆ?” என்று ஒரு சோதனை எழுதியிருந்தேன். சி-யில் எழுத்துகளுக்கு ‘சார்’ என்று ஒரு பைட் வகை உண்டு. அது குறியுள்ளதா, அதாவது -128 முதல் 127 வரையா, அல்லது 0 முதல் 255 வரையா என்பதை சி மொழி முடிவு செய்யவே இல்லை. பையில் அது 224. இன்டெல்லில் அதே பைட் -32. -32 ஒருநாளும் 224 ஆகாது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடுவதால் இந்தத் தவறு அவற்றில் தெரியவே தெரியாது. நம் எழுத்தில்தான் வெடிக்கும்.

ஆக, ஆர்மில் சார் குறியற்றது, இன்டெல்லில் குறியுள்ளது.

12 ஜனவரி, பின்னிரவு

‘லாங்’ என்ற முழு எண் வகையையும் நம்பாதீர்கள். 64-பிட் லினக்ஸில் 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட், சிப் ஒன்றேயாக இருந்தாலும். அகலத்தைப் பெயரிலேயே சொல்லும் வகைகள் 1999-ஆம் ஆண்டின் சி தரத்திலிருந்து இருக்கின்றன. அவற்றைத் தவிர வேறெதையும் நான் இனித் தொடுவதில்லை.

18 ஜனவரி, சனி, வகுப்பு முடிந்து

இன்று நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

சீனப் புத்தாண்டு நெருங்குகிறதே என்று அங்பாவ் (பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை) கணக்கு கொடுத்தேன். மொத்தம் எத்தனை வெள்ளி, எத்தனை உறை என்று கேட்டு, உறைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒரு பையன் உறை எண்ணிக்கைக்கு 0 கொடுத்தான். பிள்ளைகள் முதலில் செய்து பார்ப்பதே அதைத்தான், செய்யவும் வேண்டும். லேப்டாப்பில் இன்டர்பிரிட்டரே செத்து விழுந்தது. பக்கத்தில் ராஸ்பெரி பையில் விடை 0. ஈஎஸ்பி32-சி3-இல் விடை -1.

மூன்று பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். “அங்கிள், எது சரி?”

மூன்று சிப்பும் தத்தம் விதிப்படிதான் நடந்திருக்கின்றன. இன்டெல்லில் 0-ஆல் வகுத்தால் சிப் அபாயமணி அடிக்கும், ஆப்பரேட்டிங் சிஸ்டம் நிரலைக் கொன்றுவிடும். 64-பிட் ஆர்ம் சத்தமே இல்லாமல் 0 தரும். ரிஸ்க்-ஃபைவ் எல்லாப் பிட்டையும் 1 ஆக்கும், குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது -1. பிகோவில் இருக்கும் கோர்டெக்ஸ்-எம்0+ உள்ளகத்துக்கு வகுக்கும் கட்டளையே கிடையாது, வெளியிலிருந்து உதவி வாங்கித்தான் வகுக்கும். சி மொழியோ 0-ஆல் வகுத்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டுவிட்டது. நானும் என் மொழியில் சொல்லாமல் விட்டேன். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொன்னது சிப்.

ஆறு மாதமாக இந்த வேலையில் இருந்தும் இன்றுதான் எனக்கு இது முழுசாக உறைத்தது. நான் முடிவு செய்யாமல் விட்ட ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு சிப் தன் போக்கில் முடிவு செய்யும். எங்கும் ஓடும் மொழி வேண்டுமென்றால், எல்லாக் கேள்விக்கும் மொழியே பதில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து செய்தவை: வகுப்பதற்கு முன் 0-ஆ என்று பார்த்து, “சுழியால் வகுக்க முடியாது, வரி 4” என்று சொல்லி நிறுத்துவது. இதற்கு ஒரு தம்பியும் உண்டு. -2147483648-ஐ -1-ஆல் வகுத்தால் விடை 32 பிட்டுக்குள் அடங்காது. இன்டெல் அதற்கும் மணி அடிக்கும், மற்ற இரண்டும் -2147483648-ஐயே திருப்பித் தரும். கூட்டல், பெருக்கலை 64 பிட்டில் செய்து பார்த்து, 32-க்குள் அடங்காவிட்டால் “எண் மிகப் பெரிது” என்று நிறுத்துகிறேன். இடப்பெயர்ச்சியில், அதாவது பிட்டுகளை இடம் நகர்த்துவதில், 32 இடமோ அதற்கு மேலோ நகர்த்தச் சொன்னாலும் பிழைதான், ஏனென்றால் 32 இடம் நகர்த்து என்றால் இன்டெல் நகர்த்தவே நகர்த்தாது, சின்ன ஆர்ம் சிப் 0 தரும்.

19 ஜனவரி

12-ஆம் தேதி எழுதியதில் திருத்தம். வகுப்பில் இருக்கும் மேக்கும் ஆர்ம் சிப்தான், ஆனால் அதில் தமிழ்ச் சொல் உடைந்தது. ஆப்பிள் தன் கணினிகளில் சாரைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது. ஆகவே இது சிப்பின் குணமே அல்ல, அந்தந்த மேடைக்காரர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். ‘ஆர்மில் குறியற்றது’ என்று நான் எழுதியதை ‘ஆர்ம் லினக்ஸில்’ என்று படியுங்கள். கம்பைலருக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்தும் மாற்றலாம். ஆனால் நாளை வேறொருவர் அந்த ஆப்ஷன் இல்லாமல் கம்பைல் செய்வார். எழுத்தைத் தொடும் இடமெல்லாம் குறியற்ற 8-பிட் வகைக்கு மாற்றிவிட்டேன்.

25 ஜனவரி, சனி

பிகோ சொல்லாமல் கொள்ளாமல் உறைந்து போனது. விளக்கும் இல்லை, செய்தியும் இல்லை.

என் பைட்கோடில் ஆப்கோடு (எந்தக் கட்டளை என்று சொல்லும் குறி) 1 பைட், அதை ஒட்டி எண் 4 பைட். ஆகவே எண் 1, 6, 11 போன்ற இடங்களில் தொடங்கும். அந்த இடத்துக்கு ஒரு பாயிண்டரை (முகவரிகாட்டியை) வைத்து, 4 பைட்டையும் ஒரே அள்ளாக அள்ளினேன். இன்டெல் இதைக் கண்டுகொள்ளாது, பையும் அப்படியே. பிகோவின் எம்0+ 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் 4 பைட்டை அள்ளும். இல்லையென்றால் ஹார்ட்ஃபால்ட், அங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு பைட்டாக எடுத்து, 256-ஆல் பெருக்கிக் கூட்டி எண்ணைக் கட்டுவதுதான் தீர்வு. இதில் இன்னொரு தொல்லையும் தானாகத் தீர்ந்தது, பைட் வரிசை. நம் வகுப்புப் பதிவேட்டைப் பாருங்கள். சீனப் பிள்ளைகளின் பெயரில் குடும்பப் பெயர் முதலில், தன் பெயர் அப்புறம். நம் பிள்ளைகளுக்குத் தன் பெயர் முதலில், தந்தை பெயர் பிறகு. இரண்டும் முழுப் பெயர்தான். எந்த முனையிலிருந்து படிப்பது என்று தெரியாமல் படித்தால்தான் ஆளே மாறிவிடும். எண்களிலும் பெரிய பகுதியை முதலில் வைக்கும் கணினிகள் உண்டு, சின்னப் பகுதியை முதலில் வைக்கும் கணினிகள் உண்டு. பிக்-எண்டியன், லிட்டில்-எண்டியன் என்ற பெயர்களை 1980-இல் டேனி கோயன் எழுதிய ஒரு குறிப்புதான் கணினி உலகுக்குக் கொண்டுவந்தது. என் கோப்பில் சின்னது முதலில் என்று எழுதிவைத்துவிட்டேன். பைட் பைட்டாகப் படிப்பதால் சிப் எந்தப் பழக்கம் கொண்டது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

2 பிப்ரவரி

தசம எண்கள் எப்போது வரும் என்று இருவர் கேட்டிருந்தார்கள்.

வராது, இப்போதைக்கு. முழு எண்கள் மட்டும். பணத்தைக் காசாகவே வைத்துக்கொள்ளலாம், 3 வெள்ளி 50 காசு என்றால் 350.

காரணம் இதுதான். தூரம் கணக்கிட ஒரு உள்செயலை சி-யில் எழுதிப் பார்த்தேன், இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. இன்டெல்லிலும் பையிலும் கடைசி இலக்கம் வேறாக வந்தது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் சேர்த்து, இடையில் முழுமையாக்காமல் செய்யும் வசதி 64-பிட் ஆர்மில் எப்போதும் உண்டு. ஜிசிசி என்ற சி கம்பைலர் கேட்காமலே அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இன்டெல்லில் அடிப்படை அமைப்பில் கம்பைல் செய்தால் அது கிடையாது. பைட்கோடில் பெருக்கலும் கூட்டலும் தனித்தனிக் கட்டளையாக ஓடுவதால் அங்கே கம்பைலரால் இரண்டையும் ஒட்ட முடியாது. ஆகவே மாணவர் எழுதும் கணக்குக்கு ஆபத்தில்லை, நான் எழுதும் உள்செயல்களுக்குத்தான் ஆபத்து. அந்த ஒட்டலை நிறுத்த ஆப்ஷன் உண்டு. ஆனால் சைன், கோசைன் போன்றவை ஒவ்வொரு சி நூலகத்திலும் (தயாராகக் கிடைக்கும் செயல்களின் தொகுப்பு) கடைசி இலக்கத்தில் வேறுபடலாம். அவற்றை நானே எழுதும் நாள் வரை தசமம் வேண்டாம்.

12 பிப்ரவரி, தைப்பூசத்துக்கு மறுநாள்

முதல் நாள் சொன்ன திட்டத்தை மாற்றுகிறேன். இரண்டு காரணங்கள் ஒரே வாரத்தில் வந்தன.

முதலாவது, ஒரு பிள்ளை தன் அக்காவின் பழைய மைக்ரோபிட்டைக் கொண்டுவந்தாள். 2017-இல் ஐஎம்டிஏ (சிங்கப்பூர் அரசின் தகவல்தொடர்பு, ஊடக ஆணையம்) டிஜிட்டல் மேக்கர் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் பள்ளிகளுக்குப் போன முதல் வகை. அதில் நினைவகம் 16 கிலோபைட்தான். வி2-இல் 128, பிகோவில் 264. பதினாறுக்குள் வரியைப் பிரிக்கும் பகுதியையும் பெயர் அட்டவணையையும் திணித்தால் மாணவரின் நிரலுக்கு இடம் மிஞ்சாது. அதற்காக “உன்னுடையது பழசு, வேறு வாங்கு” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, “கொடை” என்ற பெயர். லேப்டாப்பில் அமைத்த மாறியை மேக்கில் திருத்தினால் “கொடை என்று ஒன்று இல்லை” என்கிறது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். யூனிக்கோடில் “கொ”-வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ொ என்ற ஒற்றைக் குறியும், அல்லது க-வும் ெ-யும் ா-வும். பைட்டாகப் பார்த்தால் ஒன்று 6, இன்னொன்று 9. கீபோர்டு மென்பொருளைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரும். கௌ-வும் இப்படித்தான். இரண்டும் ஒன்றே என்று யூனிக்கோடு தரமே சொல்கிறது, இயல்பாக்கம் செய்தால் ஒரே வடிவம் ஆகிவிடும். ஆனால் ஒ-வையும் ள-வையும் அடித்து “ஔ” என்று நினைத்துக்கொள்பவர்களை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது, அதற்கு மட்டும் தனியாக ஒரு எச்சரிக்கை வைத்தேன்.

இந்த இயல்பாக்க அட்டவணையைப் போர்டில் வைக்க இடமேது? ஆகவே படிப்பதும் பிரிப்பதும் இயல்பாக்குவதும் லேப்டாப்பில். போர்டுக்குப் பைட்கோடு மட்டும் போகும். பெயர்கள் எல்லாம் எண்களாகிவிடும். பிழைச் செய்தியில் பெயர் வேண்டுமென்றால் போர்டு எண்ணைச் சொல்லும், லேப்டாப் அதைத் தமிழில் காட்டும்.

ஜனவரி 11-ஆம் தேதியே உங்களிடம் “மகளின் நிரல், இன்டர்பிரிட்டர் என்று இரண்டு” என்றேன். இப்போது இன்டர்பிரிட்டரும் லேப்டாப்பில் ஒரு பகுதி, போர்டில் ஒரு பகுதி என்று பிரிந்து மூன்றாகிவிட்டது. முன்பே பிரித்திருக்கலாம்.

16 பிப்ரவரி

வேகம் பற்றிக் கேட்டவருக்கு: ஒவ்வொரு பைட்கோடு கட்டளைக்கும் உரிய பகுதியைத் தேர்ந்தெடுப்பது சி-யின் ‘ஸ்விட்ச்’ தான். லேபிள் முகவரிக்கு நேராகத் தாவும் முறை வேகமாக இருக்கலாம், ஆனால் அது ஜிசிசி-யும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் தரும் நீட்டிப்பு, சி தரத்தில் இல்லை. வகுப்பு நிரல்கள் விளக்கை மினுக்குகின்றன. போதும்.

1 மார்ச்

சோதனை முறை ஒன்று அமைத்தேன், இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். நிரல்களை ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓட்டி, வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. பிக்-எண்டியன் கணினி என்னிடம் இல்லை. வேறு கணினியாக நடிக்கும் கியூஎமு மென்பொருளில் ஐபிஎம் பெருங்கணினியான எஸ்390எக்ஸ் சிப்பைப் போலியாக ஓட்டினேன். ஜூரோங் வெஸ்ட்டில் நான்காவது மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெருங்கணினி! பைட்கோடு அங்கே முதல் தடவையே சரியாக ஓடியது. ஜனவரி 25-ஆம் தேதி பட்ட பாடு வீண் போகவில்லை.

ஆனால் நான் நினைத்தே பார்க்காத இரண்டு மாட்டின.

சுட்டெண். குருட்டாம்போக்கில் ஒரு எண் எடுத்துத் தரும் சி-யின் ‘ரேண்ட்’ ஒவ்வொரு நூலகத்திலும் வேறு. விண்டோஸில் உச்சம் 32767, லினக்ஸில் 2147483647. ஒரே விதை (தொடக்க எண்) கொடுத்தும் “எண்ணைக் கண்டுபிடி” விளையாட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வேறு எண் நினைத்துக்கொண்டது. 2003-இல் ஜார்ஜ் மர்சாலியா வெளியிட்ட எக்ஸ்ஆர்-ஷிஃப்ட் முறையை 32 பிட்டில் எழுதினேன், நான்கே வரி.

இன்னொன்று மோசமானது. பட்டியலில் பெயர்களையும் மதிப்பெண்களையும் வைத்து எல்லாவற்றையும் அச்சிடும் நிரல், வரிசை மாற்றி மாற்றி அச்சிட்டது. சிப்புக்குச் சிப் மட்டுமில்லை, ஒரே லேப்டாப்பில் இரண்டு முறை ஓட்டினாலும் மாறியது. உள்ளே அடுக்கி வைக்க நினைவக முகவரியைப் பயன்படுத்தியிருந்தேன், முகவரி ஒவ்வொரு முறையும் மாறும். இப்போது வைத்த வரிசையிலேயே அச்சிடும். பைத்தான்கூட 3.7-இலிருந்து இதையே மொழியின் விதியாக்கிவிட்டது. வரிசையும் விடையின் ஒரு பகுதிதான் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

1 மார்ச், இன்னும் கொஞ்சம்

மேலே “சுட்டெண்” என்று எழுதியது தவறான சொல். சமவாய்ப்பு எண். சுட்டெண் என்றால் குறியீட்டெண் என்று எடுத்துக்கொள்வார்கள். திருத்திப் படியுங்கள்.

9 மார்ச்

லுவா மொழி இருக்கிறதே, குட்டிப் போர்டுகளுக்கான மைக்ரோபைத்தான் இருக்கிறதே, வெப்அசெம்பிளி என்ற பைட்கோடு இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு நண்பர் தேக்கா கோப்பிக் கடையில் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் ஒரு வாரம் யோசித்தேன். 1993-இல் பிரேசிலில் பிறந்த லுவா தூய சி-யில் எழுதப்பட்டது. அது எத்தனையோ சிப்பில் ஓடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு பெரிய காரணம், அதன் மூலநிரலை நான் பாடப்புத்தகம் போலப் படிக்கிறேன். வெப்அசெம்பிளி எனக்கு இன்னும் நெருக்கம். வகுத்தல் பிழை, பைட் வரிசை, இடப்பெயர்ச்சி எல்லாவற்றுக்கும் அதன் தரம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறது. தமிழில் நிரல் எழுதுவதும் புதிதல்ல, எழில் மொழி பைத்தானின் மேல் பல ஆண்டுகளாக இருக்கிறது.

நண்பரிடம் சொன்னது இதுதான். பிழை வரும்போது அந்தப் பிள்ளை தமிழில் ஒரு முழு வாக்கியத்தைப் படிக்க வேண்டும், அது எந்தப் போர்டிலும் அதே வாக்கியமாக இருக்க வேண்டும். பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் நின்றுவிடுகிறது. ஒரு விளக்கை எரியவிட, ஒரு தவறைத் தேட, நண்பனிடம் “சுழியால் வகுத்துட்டடா” என்று சொல்லத் தமிழ் பயன்படும் ஒரு மணி நேரம் வாரத்தில் இருக்கட்டும். அதற்காக இந்தப் பாடு எனக்குத் தகும்.

15 மார்ச், சனி

உங்கள் கேள்விக்குத் திரும்பி வருகிறேன்.

கோப்பின் முதல் மூன்று பைட் 224, 174, 133. ஆம், “அ”. நான்காவது பைட் பதிப்பு எண். போர்டு முதலில் இந்த நான்கையும் பார்க்கும். “அ” இல்லையென்றால் “இது நிரல் கோப்பு இல்லை” என்றும், பதிப்பு தன்னுடையதைவிடப் புதிதென்றால் “என்னைப் புதுப்பியுங்கள்” என்றும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அரைகுறையாகப் படித்து எதையாவது ஓட்டாது.

இன்று உங்கள் மகள் லேப்டாப்பில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதினாள். பைட்கோடு 143 பைட் வந்தது. அதே கோப்பைப் பிகோவிலும், பையிலும், அக்காவின் பழைய மைக்ரோபிட்டிலும் போட்டோம். நான்கு வெளியீட்டையும் அவளே ஒரு காகிதத்தில் எழுதி ஒப்பிட்டாள், கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் டிக் அடித்து.

ஈஎஸ்பி32-சி3 இன்று வரவில்லை, அந்த அப்பா ஊருக்குப் போயிருக்கிறார். காகிதத்தில் ஐந்தாவது பத்தி காலியாக இருக்கிறது. 22-ஆம் தேதி அதை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.